பார்க்காத துகளைக் கண்டுபிடித்ததாக எப்படிச் சொல்கிறார்கள்? (தடைக்காலத் திண்ணைப் பேச்சு)

உச்சிப்புளி டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. பெற்றோருக்கும் கொஞ்சம் பொழுது கிடைக்கிறது. போன வாரம் என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் வீட்டுக்கு வந்திருந்தார். பாம்பன்காரர், படகு ஓட்டுபவர். பேச்சு எங்கெங்கோ போய் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளில் வந்து நின்றது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில், தரைக்கு ஏறத்தாழ 100 மீட்டர் அடியில், 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு 2012இல் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேன்.

"யார் பார்த்தது?" என்று கேட்டார்.

யாரும் பார்க்க முடியாது, பிறந்த கணமே சிதைந்துவிடும், ஒளிகூட அந்த நேரத்துக்குள் ஓர் அணுவின் அகலத்தைத் தாண்டியிருக்காது என்றேன்.

தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "கடலில் கிடக்கிற மீனுக்குக் கரையில் விலை பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் டீச்சர். இவர்கள் பார்க்காத மீனுக்கு நோபல் பரிசே வாங்கிவிட்டார்களா?"

பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிச் சமாளித்தேன். எனக்கே அது போதவில்லை. இங்கே துகள் இயற்பியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். மீன்காரருக்குப் புரியும்படி யாராவது எழுதுங்களேன்.

தனுஷ்கோடி மணல்

வலையின் மடியில் விழாத மீனுக்கு வால் எத்தனை முழம் என்று அளக்கிறார்கள். வேறென்ன.

துகள் பித்தன்

டீச்சர், அவர் கேட்டது முதுகலை வகுப்பிலேயே பாதிப் பேர் கேட்கத் தயங்கும் கேள்வி.

ஹிக்ஸ் சிதைந்தாலும் அதன் ஆற்றல் காணாமல் போவதில்லை. வேறு துகள்களாகப் பிரிந்து பறக்கிறது. ஆயிரம் ஹிக்ஸ் பிறந்தால் அவற்றில் இரண்டு மட்டும், ஒவ்வொன்றும் ஒரு ஜோடி ஃபோட்டான்களாக, அதாவது ஒளித்துகள்களாக, சிதையும். அரிதுதான், ஆனால் தெளிவான தடயம். உணர்கருவி அந்த இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றலையும் அவற்றுக்கு இடையிலான கோணத்தையும் அளக்கிறது. ஒன்று 80 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு), மற்றது 60, இடைக்கோணம் 129 பாகை என்று வைத்துக்கொள்வோம். 80ஐயும் 60ஐயும் பெருக்கி, அதை இரட்டித்து, ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து வரும் எண்ணால் மறுபடி பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 125 வரும். இரண்டும் ஒரே தாயிடமிருந்து வந்திருந்தால் அந்தத் தாயின் நிறை அது. ஹிக்ஸின் நிறை அதுவேதான். புரோட்டானைப் போல் ஏறத்தாழ 133 மடங்கு. மாணவர்களிடம் கால்குலேட்டரைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

சிக்கல் இனிமேல்தான். ஹிக்ஸே இல்லாத மோதல்களிலும் ஃபோட்டான் ஜோடிகள் ஏராளமாக வருகின்றன. அவற்றுக்கு இதே கணக்கைப் போட்டால் 110 வரும், 140 வரும், 125உம் வரும். அதனால் ஒரு மோதலின் படத்தைக் காட்டி "இதோ ஹிக்ஸ்" என்று உலகத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் எல்லா ஜோடிகளின் நிறையையும் கட்டம் கட்டமாக எண்ணி வரைபடம் போட்டார்கள். வழுவழுவென்று கீழே இறங்கும் சரிவு ஒன்று தெரிந்தது. 125க்குப் பக்கத்தில் மட்டும் காளையின் முதுகைப் போலச் சின்னத் திமில். கண்டுபிடிப்பு என்பது அந்தத் திமில்தான்.

வாடைக்காற்று

அந்தத் தகப்பனார் நான்தான். மகள் இந்த இழையைக் காட்டினாள்.

முதலில் டீச்சருக்கு ஒன்று. "மீன்காரருக்குப் புரியும்படி" என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தமில்லை. ஆனால் கண்ணால் பார்க்காததை நம்பமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எக்கோ சவுண்டர் வைத்துத்தான் படகு ஓட்டுகிறேன். அதன் திரையில் தெரிவது மீனா? கலங்கல் கலங்கலாக நிறம். அதைப் பார்த்துத்தான் வலையை இறக்குகிறோம். இழுத்தால் ஒன்று மீன் வரும், அல்லது பாசியும் குப்பையும் வந்து ஏமாந்தோம் என்று தெரிந்துவிடும்.

தம்பி துகள் பித்தனிடம் கேட்கிறேன். உங்கள் திமில் என்பது எக்கோ சவுண்டர் திரை. வலை எது?

கீழக்கரைக் கணக்கர்

நான் துபாயில் கணக்கு எழுதுகிறவன். இயற்பியல் தெரியாது, எண்ணிக்கை தெரியும். பாம்பன் அண்ணன் கேட்டதற்கு என்னால் முடிந்த பதில்.

ஏலக்கூடத்தில் ஒரு நாளைக்குச் சராசரி 100 கூடை நண்டு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சரியாக 100 வராது. தற்செயலான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும், அதாவது 10. இந்த 10தான் ஒரு சிக்மா. ஒரு நாள் 110 வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். 130 வந்தால் மூன்று சிக்மா. தற்செயலாக அப்படி வர 740இல் ஒரு வாய்ப்பு. 150 வந்தால் ஐந்து சிக்மா. 35 லட்சத்தில் ஒன்று. துகள்காரர்கள் ஐந்து சிக்மாவுக்குக் குறைந்தால் "கண்டுபிடித்தோம்" என்ற சொல்லையே எழுதுவதில்லை. எங்கள் தொழிலில் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் நான் பாதி இரவுகள் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வாடைக்காற்று

கணக்கர் காக்கா, ஏலக்கூடத்துக்குக் கடைசியாக எப்போது வந்தீர்கள்?

பத்து வருடமாக நான் இறக்கிய நண்டின் எடையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முந்தாநாள் அதை எடுத்து மகளிடம் கொடுத்தேன். சராசரி 40 கிலோ வருகிற மாதத்தில் ஒரு நாள் 9, மறுநாள் 95. உங்கள் கணக்குப்படி 40க்கு ஆறோ ஏழோதான் ஏறி இறங்க வேண்டும். அப்படியானால் மாதத்துக்கு நாலு முறை எனக்கு நோபல் பரிசு தர வேண்டும்.

காரணம் எளிது. கடலில் உள்ளவை கூட்டமாக நகர்பவை. ஒன்று வந்தால் அதன் பின்னால் நூறு வரும். காற்று மாறினால் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

கீழக்கரைக் கணக்கர்

ஒப்புக்கொள்கிறேன். வர்க்கமூலக் கணக்கு, ஒன்றின் வரவு மற்றொன்றைப் பாதிக்காத இடத்தில்தான் செல்லும். போதாக்குறைக்கு நான் சொன்னது எண்ணிக்கைக்கு, எடைக்கு அல்ல. நண்டை உவமையாக எடுத்தது என் பிழை. ஓட்டுக் கூரையில் விழும் தூறலை எடுத்திருக்க வேண்டும். ஒரு துளி விழுந்ததால் அடுத்த துளி அதே ஓட்டில் விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தனுஷ்கோடி மணல்

ராமநாதபுரத்தில் இருப்பவர்களுக்கு மழையை உவமையாகச் சொல்கிறார். நண்டே பரவாயில்லை காக்கா.

துகள் பித்தன்

பாம்பன் அண்ணன் சொன்னது மிகச் சரி. மோதல்கள் தூறல் மாதிரி, ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. அதனால்தான் அங்கே சிக்மா செல்லுபடியாகிறது. ஆனாலும் கருவியே பிழையாக அளந்தால் எல்லா அளவும் ஒரே பக்கம் சாயும். அப்போது சிக்மா காப்பாற்றாது. 2011இல் நியூட்ரினோ என்ற, எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள் ஒளியை முந்திவிட்டது என்று இத்தாலியில் ஒரு குழு அறிவித்தது நினைவிருக்கிறதா? 730 கிலோமீட்டர் பயணத்தில் 60 நானோ வினாடி முன்னதாக வந்ததாம். ஆறு சிக்மா என்றார்கள். கடைசியில் பார்த்தால் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாக மாட்டப்படவில்லை.

இனி "வலை எது?" என்ற கேள்வி. இரண்டு பதில் உண்டு.

ஒன்று, இன்னொரு படகு. அந்தச் சுரங்கத்தில் அட்லஸ், சிஎம்எஸ் என்று இரண்டு பெரிய உணர்கருவிகள், வேறு வேறு வடிவமைப்பு, வேறு வேறு ஆட்கள். 2012 ஜூலை 4 அன்று இரண்டு குழுவும் ஒரே அரங்கில் பேசின. ஒருவர் ஏறத்தாழ 126 என்றார், மற்றவர் 125 என்றார், இரண்டிலும் ஐந்து சிக்மாவை ஒட்டிய திமில். அதற்கு முந்தைய வாரங்கள் வரை அந்த ஆண்டின் தரவில் முக்கியமான பகுதியை அவர்களே பார்க்காமல் மூடி வைத்திருந்தார்கள். எதை எண்ணுவது, எதைத் தள்ளுவது என்ற விதிகளை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் திறந்தார்கள். திறந்த பிறகு விதியை மாற்றினால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும். 1964இல் இதைக் கணித்தவர்களில் ஒருவரான பீட்டர் ஹிக்ஸ், அப்போது 83 வயது, அரங்கில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது, அண்ணன் சொன்ன அதே வேலை: மறுபடி வலை போடுவது. உண்மையான திமில் தரவு கூடக்கூட வளரும். பொய்த்திமில் கரைந்துவிடும்.

கரைந்த கதைதான் எனக்குப் பிடித்தது, அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் இரண்டு ஃபோட்டான் வரைபடத்தில் ஒரு திமில் எழுந்தது. அட்லஸில் மூன்று சிக்மாவுக்கு மேல்; சிஎம்எஸ் வரைபடத்திலும் அதே இடத்தில் சின்ன மேடு. ஹிக்ஸைப் போல ஆறு மடங்கு கனமான, யாரும் எதிர்பாராத துகள்! நான் அப்போது முதுகலை மாணவன். விடுதியில் தூக்கம் போயிற்று. சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்நூறு கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்துவிட்டன. பந்தி போடுவதற்கு முன்பே இலைக்குச் சண்டை. 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் புதிய தரவைச் சேர்த்து வரைபடத்தைக் காட்டினார்கள். சரிவு வழுவழுவென்று இருந்தது. அவ்வளவுதான்.

எப்படி ஏமாந்தோம்? கணக்கர் சொன்ன 740இல் ஒன்று என்பது ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்தால்தான். நூற்றுக்கணக்கான கட்டங்களைப் பார்த்தால் எங்கேயாவது ஒன்று துள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். அப்படி எல்லா இடத்தையும் சேர்த்து எண்ணியபோது அந்தத் திமில் இரண்டு சிக்மா அளவுக்கு இறங்கிவிட்டது என்று அட்லஸ் முதல் நாளிலேயே சொல்லியிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1976இல் லியோன் லெடர்மன் குழு அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு துகள் என்று அறிவித்து அதற்கு உப்சிலான் என்று பெயரும் சூட்டியது. தரவு கூடியதும் மறைந்தது. லியோன் என்ற பெயரையும் உப்சிலானையும் சேர்த்து "ஊப்ஸ் லியோன்" என்று கேலி செய்தார்கள். மனிதர் அசரவில்லை. அடுத்த வருடமே அதே குழு 9.5இல் உண்மையான துகளைப் பிடித்து, அதே பெயரை அதற்கு வைத்தது. புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள்கள்தான் குவார்க்குகள்; அவற்றில் ஒரு வகையான அடிக்குவார்க்கும் (bottom) அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜோடி அது.

தேவிபட்டினம் தம்பி

இதுதானே தேனி மலையைக் குடைந்து வைக்கப் பார்த்தது? இங்கே கொண்டுவந்து யார் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள்? கதிர்வீச்சு வந்தால் யார் பொறுப்பு?

துகள் பித்தன்

அது வேறு, இது வேறு. தேனிப் பக்கம் பொட்டிபுரத்தில் திட்டமிட்டது எதையும் மோதவிடும் கருவி அல்ல. வானிலிருந்து வரும் நியூட்ரினோக்களுக்காக 50,000 டன் இரும்பை மலைக்கடியில் வைத்துக் காத்திருக்கும் திட்டம். அந்த மலை, அந்தக் காடு, அந்த மக்களின் சம்மதம் பற்றிக் கேள்வி கேட்பது நியாயம். ஆனால் கேள்வியைச் சரியான கருவியைப் பற்றிக் கேளுங்கள். 1965இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தவர்களில் நம்மவர்களும் உண்டு.

மட்டுறுத்துநர்

தேனிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 340 மறுமொழிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கே வேண்டாம்.

வாடைக்காற்று

தம்பி, மறுபடி வலை போடுவது என்றீர்களே, அது மனத்துக்கு ஒப்புகிறது. இன்னொரு சந்தேகம்.

மடியை அவிழ்த்துத் தளத்தில் கொட்டியதும் நாங்கள் பிரிக்கத் தொடங்குவோம். இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி, காரல் தனி. மீதி எல்லாம் சங்காயம். கோழித் தீவனத்துக்குப் போகும். கை வேகமாக ஓட வேண்டும், வெயிலில் எல்லாம் கெட்டுவிடும். ஒரு முறை என் மகள் சங்காயக் குவியலில் கையை விட்டு ஒரு சின்ன மீனை எடுத்து இது என்ன என்று கேட்டாள். முப்பது வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. அல்லது தினமும் என் கைவழியாகவே போயிருக்கிறது, பார்க்கவில்லை.

உங்கள் ஆட்கள் மோதலில் வருவதை எல்லாம் வைத்துக்கொள்கிறார்களா? அல்லது அங்கேயும் சங்காயம் உண்டா?

துகள் பித்தன்

அண்ணே, உண்டு. அங்கே கிட்டத்தட்ட எல்லாமே சங்காயம்தான்.

சுரங்கத்தில் புரோட்டான்கள் பொதி பொதியாகச் சுற்றுகின்றன. ஒவ்வொரு பொதியிலும் பத்தாயிரம் கோடிக்கு மேல் புரோட்டான்கள். பொதியும் பொதியும் எதிரெதிரே கடப்பது வினாடிக்கு 4 கோடி முறை. ஒவ்வொரு கடப்பிலும் பத்துக் கணக்கில் மோதல்கள். இதை எல்லாம் எழுதிவைக்க உலகத்தில் வட்டுகள் இல்லை. ஆகவே முதல் கட்டத்தில் மின்னணுச் சுற்றுகளே சில மைக்ரோ வினாடிக்குள் பார்த்து 4 கோடியை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைக்கின்றன. அடுத்து கணினிப் பண்ணை அதை ஆயிரத்துச் சொச்சமாகக் குறைக்கிறது. மீதி போனது போனதுதான், திரும்ப வராது.

எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்றால், உங்களைப் போலத்தான். ஆற்றல் மிகுந்த ஃபோட்டான், எலக்ட்ரான், எலக்ட்ரானின் கனத்த உறவான மியூவான் என்று விலை போகும் என்று தெரிந்தவற்றை எடுக்கிறார்கள். அப்படியானால் யாரும் எதிர்பாராத துகள் ஒன்று, மெதுவாக நகர்வதோ, சில மீட்டர் தாண்டிப் போய்ச் சிதைவதோ, சங்காயத்தில் போயிருக்குமா? போயிருக்கலாம். இந்தப் பயம் அங்கே வேலை செய்பவர்களுக்கும் இருக்கிறது. இப்போது சில வழிகள் வந்திருக்கின்றன. கூடுதல் மோதல்களை, முழு விவரத்தையும் எழுதாமல், சுருக்கக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எல்எச்சிபி என்ற கருவியில் முதல் கட்டச் சுற்றையே எடுத்துவிட்டார்கள்; எல்லாவற்றையும் கணினியே பார்க்கிறது. "இது என்னவென்று தெரியவில்லை, ஆனால் வழக்கமானதாக இல்லை" என்று தோன்றுவதை ஒதுக்கிவைக்கும்படியும் இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். உங்கள் மகள் குவியலில் கையை விட்டதும் அந்த வேலைதான்.

பன்னிரண்டாம் வகுப்பு, ஏர்வாடி

எல்எச்சியில், அதாவது அந்தச் சுரங்க மோதல் இயந்திரத்தில், 70க்கும் மேற்பட்ட புதிய துகள்கள் என்று படித்தேன். ஹிக்ஸ் ஒன்றைத்தானே எல்லாரும் சொல்கிறார்கள், மீதி எங்கே போயின?

துகள் பித்தன்

புதிய மீன் வேறு, புதிய குழம்பு வேறு தம்பி. அந்தப் பட்டியலில் உள்ளவை தெரிந்த குவார்க்குகள் புதிய விதமாகச் சேர்ந்தவை. 2015இல் எல்எச்சிபி குழு ஐந்து குவார்க்குகள் சேர்ந்த பென்டாகுவார்க்கை அறிவித்தது. 2017இல், சார்ம் என்ற வகைக் குவார்க்குகள் இரண்டைக் கொண்ட ஒரு பேரியான், அதாவது புரோட்டானைப் போல மூன்று குவார்க்குகள் சேர்ந்த துகள். இதற்கு முன்னால் 2003இல் வேறு ஒரு பென்டாகுவார்க்கைப் பல ஆய்வகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அறிவித்து, இரண்டு வருடத்தில் அது காற்றோடு போனது. அதனால்தான் 2015இல் எல்லாரும் ஒரு முறைக்கு இரு முறை பார்த்தார்கள். ஆனால் வேறு எதாலும் ஆனதாகத் தெரியாத, அடிப்படைத் துகள் என்று எல்எச்சி தந்தது ஹிக்ஸ் ஒன்றுதான். குழம்பையும் குறைவாக நினைக்காதே. குவார்க்குகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதை அவற்றிலிருந்துதான் கற்கிறோம்.

உச்சிப்புளி டீச்சர்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. "மீன்காரருக்குப் புரியும்படி" என்று எழுதியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். இந்த இழையில் எனக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான்.

சங்காயம் என்றதும், துகள்கள் போகும் தடத்தைப் புகைக்கோடாகக் காட்டும் எங்கள் முகில் தொட்டி நினைவுக்கு வந்தது. போன வருடம் பள்ளியில் செய்தோம். கண்ணாடி மீன் தொட்டியைக் கவிழ்த்து, மேலே கம்பளித் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஒட்டி, அடியில் கறுப்புத் தகடு. தகடு மிகவும் குளிர வேண்டும். ஐஸ் கம்பெனியில் பனிக்கட்டி வாங்கி உப்பைக் கலந்து பார்த்தோம். வெறும் மூடுபனிதான். பிறகு மதுரையிலிருந்து உலர் பனிக்கட்டியைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். பரமக்குடி தாண்டியதும் நடத்துநர், "அம்மா, உங்கள் பெட்டி புகைகிறது" என்றார். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி ஆவி.

மீதியை வைத்து, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்தோம். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தகட்டுக்கு மேலே ஒரு நரைமுடி போல, நேராக, மெல்லிய வெள்ளைக் கோடு. வந்தது, தொய்ந்தது, கரைந்தது. பின்னால் இன்னொன்று. விளக்குத் திரி போலத் தடித்த குட்டைக் கோடுகளும் வந்தன. அவை காற்றில் உள்ள ரேடானின் ஆல்ஃபா துகள்கள். நரைமுடிகளில் பல மியூவான்கள். விரித்த உள்ளங்கை வழியே வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று எப்போதும் போய்க்கொண்டிருக்கிறது. மியூவானை 1936இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் விண்கதிர்களில் பிடித்தபோது யாருக்கும் அது தேவைப்படவில்லை. "இதை யார் கேட்டது?" என்று ராபி என்ற இயற்பியலாளர் சலித்துக்கொண்டாராம். எந்தக் கூடையிலும் சேராத மீன்.

கீழக்கரைக் கணக்கர்

உலர் பனிக்கட்டியை மூடிய பஸ்ஸில் கொண்டுவராதீர்கள் டீச்சர். அந்தப் புகை கரியமில வாயு, மூச்சு முட்டும். பெட்டியின் மூடியையும் இறுக்கி ஒட்டக்கூடாது, வெடித்துவிடும்.

தேவிபட்டினம் தம்பி

இதில் நம் நாட்டுக்கு என்ன பங்கு என்றாவது சொல்லுங்கள்.

துகள் பித்தன்

சுரங்கத்தில் 15 மீட்டர் நீள வளைவுக் காந்தங்கள் மட்டும் 1232. அவற்றை மயிரிழை பிசகாமல் தாங்கி நிறுத்தும் ஜாக்கிகள் இந்தியாவிலிருந்து போனவை. சிஎம்எஸ் கருவியின் ஒரு பகுதி மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் செய்தது. 2017 முதல் இந்தியா, அந்தச் சுரங்கத்தை நடத்தும் செர்ன் ஆய்வகத்தின் இணை உறுப்பு நாடு. போசான் என்ற சொல்லே சத்யேந்திர நாத் போஸின் பெயர்.

வாடைக்காற்று

14ஆம் தேதி நள்ளிரவு தடை முடிகிறது. வலை கட்டுவதும் எஞ்சின் பார்ப்பதுமாக இருக்கிறேன், இனி அடிக்கடி எழுத முடியாது.

திமிலைப் பற்றி ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். 750இல் ஏமாந்ததை அவர்களே வெளியில் சொன்னார்கள் பாருங்கள், அதற்காக. நண்டு நோட்டை மகள் வைத்துக்கொண்டாள். எந்தக் காற்றில் எவ்வளவு என்று கட்டம் போடுகிறாள். கச்சான் காற்று அடித்த நாட்களில் ஒரு மேடு தெரிகிறது என்கிறாள். இன்னும் இரண்டு வருடம் எழுது, பிறகு பேசலாம் என்றேன்.

டீச்சர், எங்கள் மீன் ஏற்றும் வண்டி வாரம் மூன்று நாள் மதுரைக்குப் போய்க் காலிப் பெட்டியோடு திரும்புகிறது. பின்பக்கம் திறந்த வண்டி. எந்தக் கடையில் எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுங்கள், ஏற்றிவரச் சொல்கிறேன். ஆனால் நான் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துத் தொட்டியை வையுங்கள்.

உச்சிப்புளி டீச்சர்

ஐந்து கிலோ போதும் அண்ணே. நீங்கள் கரையேறும் அன்று மாலை ஏழு மணிக்கு. நன்றாக இருட்டினால்தான் கோடு தெரியும்.

தனுஷ்கோடி மணல்

நானும் வருகிறேன். பழைய குழம்பாக இருந்தாலும் பரவாயில்லை.